விபிஎன் போட்டால் நாம் மறைந்துவிடுவோமா?

மாணவர்களே, சில வாரங்களுக்கு முன் என் படிவம் 4 மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது. கைப்பேசி விளையாட்டுக்கான வைரங்களைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்ன ஓர் இணையத்தளத்தில் அம்மாவின் வங்கி அட்டை எண்ணைக் கொடுத்திருக்கிறான். சற்று நேரத்தில் அம்மாவின் கைப்பேசிக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்தது. அதையும் பார்த்துத் தட்டிவிட்டான். 35 ரிங்கிட் என்று நினைத்த இடத்தில் 780 ரிங்கிட் போய்விட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

"டீச்சர், நான் விபிஎன் போட்டுட்டுத்தான் செஞ்சேன். அப்புறம் எப்படிப் போச்சு?" என்று கேட்டான்.

அவன் சொன்னது உண்மைதான். அவன் கைப்பேசியில் அந்தச் செயலி பச்சை நிறத்தில் ஒரு கேடயத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே 'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்ற வாசகம் வேறு. அவன் கேட்ட கேள்வியை உங்களில் பலரும் கேட்கக்கூடும் என்பதால் இவ்வாரம் அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன். விபிஎன் எதை மறைக்கிறது? யாரிடமிருந்து மறைக்கிறது?

உறையின் மேல் எழுதியிருப்பது

நீங்கள் கைப்பேசியில் ஓர் இணையத்தளத்தைத் திறக்கும்போது, தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் பயணம் செய்கிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் இருக்கும். இதைத்தான் ஐபி முகவரி என்கிறோம். பழைய வகை ஐபி முகவரி 32 பிட் நீளமுடையது. அதனால் மொத்தம் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது ஏறக்குறைய 4.3 பில்லியன் முகவரிகள்தாம் உண்டு. உலகத்திலுள்ள கருவிகளுக்கு இது போதாது. ஆகவே உங்கள் வீட்டிலுள்ள கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி எல்லாம் வெளியுலகத்துக்கு ஒரே முகவரியோடு தோன்றுகின்றன. கைப்பேசித் தரவைப் பயன்படுத்தும்போது முன்பின் தெரியாத பலரோடு சேர்ந்து ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறீர்கள்.

ஐபி முகவரியைக் கொண்டு வீட்டுக் கதவு எண் வரை கண்டுபிடித்துவிடலாம் என்று திரைப்படங்கள் காட்டும். அப்படி இல்லை. வெளியில் இருக்கும் ஒருவருக்கு அது எந்த நாடு, எந்த இணையச் சேவை நிறுவனம், தோராயமாக எந்த ஊர் என்பதைத்தான் சொல்லும். இந்த நேரத்தில் இந்த முகவரி எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்பது இணையச் சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும்.

இதை நான் வகுப்பில் கடித உறைகளை வைத்து விளக்குவது வழக்கம். கடைசி வரிசை மாணவர் ஒருவர் முதல் வரிசை மாணவர் ஒருவருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். இடையிலுள்ள நான்கு பேர் அதைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். முதல் முறை உறை கிடையாது, தபால் அட்டை மட்டும். கைமாற்றும் நால்வரும் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். இரண்டாம் முறை ஒட்டிய உறை. இப்போது உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது நால்வருக்கும் தெரியும். 'இவர் அவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒன்பது கடிதம் அனுப்பினார்' என்ற செய்தியே வகுப்பில் வதந்தி கிளம்பப் போதுமானது.

ஒரு காலத்தில் இணையத்தின் பெரும்பகுதி தபால் அட்டையாகத்தான் இருந்தது. 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருளை ஓர் அமெரிக்க நிரலாளர் வெளியிட்டார். அதை மடிக்கணினியில் போட்டுக்கொண்டு ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் ஃபேஸ்புக் கணக்குகள் வரிசையாகத் திரையில் வரும். ஒன்றைச் சொடுக்கினால் அவராகவே உள்ளே நுழைந்துவிடலாம். திருடுவது அவர் நோக்கம் அன்று. பெரிய நிறுவனங்கள் பூட்டுப் போடாமல் இருக்கின்றன என்பதை எல்லோர் கண்ணுக்கும் காட்டுவதற்காகச் செய்தார். அது வேலை செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெரிய தளங்கள் எல்லாம் எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க முறைக்கு மாறின. 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி, அப்படி மாறாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று வெளிப்படையாகவே குறிக்கத் தொடங்கியது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 'மாமாக் கடை வைஃபையில் உட்கார்ந்தால் உங்கள் கடவுச்சொல்லைப் பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிடுவார், உடனே எங்கள் விபிஎன்னை வாங்குங்கள்' என்று யூடியூபில் வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் அந்தப் பழைய உலகத்தைப் பற்றியே பேசுகின்றன. இன்று உங்கள் வங்கியும் மின்னஞ்சலும் டிக்டாக்கும் ஒட்டிய உறையில்தான் போகின்றன, விபிஎன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஆனால் உறையின் மேல் எழுதியிருப்பது இன்னும் தெரிகிறது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை இணையச் சேவை நிறுவனம் இரண்டு வழிகளில் அறியலாம். முதலாவது, டிஎன்எஸ். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணைச் சொல்லும் தொலைபேசிப் புத்தகம் போன்றது அது. 'இந்தப் பெயருக்கு எண் என்ன?' என்ற கேள்வி பெரும்பாலும் மறையாக்கம் இல்லாமலேயே போகிறது. 2024 செப்டம்பரில் நம் நாட்டில் இது செய்தியாகவே வந்தது. வெளிநாட்டு டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கேள்விகளையும் உள்நாட்டு நிறுவனங்களின் சேவையகங்களுக்கே திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் கூறியது. இணையச் சூதாட்டம் போன்ற தளங்களைத் தடுப்பது நோக்கம் என்றது. பொதுமக்களிடமிருந்து எதிர்ப்பு வந்ததும் சில நாள்களில் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த வாரம் என் மாணவர்களில் பாதிப் பேர் டிஎன்எஸ் என்றால் என்ன என்று தாங்களாகவே படித்துவிட்டு வந்தார்கள். நான் ஒரு தவணை முழுதும் நடத்தியிருந்தாலும் அது நடந்திருக்காது.

இரண்டாவது வழி, எச்டிடிபிஎஸ் இணைப்பைத் தொடங்கும்போது உங்கள் உலாவி தளத்தின் பெயரை வெளிப்படையாகச் சொல்வது. இதையும் மறைக்கும் முறைகள் இப்போது மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. எல்லாத் தளங்களிலும் இன்னும் இல்லை.

உறைக்குள் உறை

இப்போது விபிஎன்னுக்கு வருவோம். மெய்நிகர் தனியார் வலையமைப்பு என்பது அதன் முழுப்பெயர். 1990-களில் இது வளர்ந்தது, ஒளிந்துகொள்வதற்காக அன்று. வீட்டிலோ வேறு நாட்டிலோ இருக்கும் ஊழியர், தம் அலுவலக வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழைவதற்காக. இன்றும் உங்கள் பெற்றோர் சிலர் அதற்காகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வகுப்பில் மூன்றாம் முறை, ஒட்டிய உறையை இன்னொரு பெரிய உறைக்குள் போடச் சொல்வேன். பெரிய உறையின் மேல் ஜன்னலோரம் இருக்கும் ஒரு மாணவியின் பெயர் மட்டுமே இருக்கும். அவர்தான் விபிஎன் சேவையகம். கைமாற்றுபவர்களுக்கு இப்போது தெரிவது 'ஏதோ ஒன்று ஜன்னலோர மாணவிக்குப் போகிறது' என்பது மட்டுமே. அவர் பெரிய உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் உறையில் அனுப்புநர் முகவரியாகத் தம் பெயரை எழுதி, உரியவருக்கு அனுப்புவார். பெறுபவருக்கு உங்கள் முகவரி தெரியாது. பதில் வந்தாலும் அவர் வழியாகவே வரும்.

ஆக, இரண்டு பேருக்குக் கண்ணைக் கட்டியாயிற்று. இணையச் சேவை நிறுவனத்துக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது தெரியாது. எப்போது, எவ்வளவு தரவு அனுப்பினீர்கள் என்பது மட்டும் தெரியும். நீங்கள் போகும் தளத்துக்கு உங்கள் உண்மையான ஐபி முகவரி தெரியாது. கோலாலம்பூரில் இருந்துகொண்டு டோக்கியோவில் இருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான்.

ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்தபோது முன்வரிசை மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், எல்லாரும் கடிதத்தை ஜன்னல்கிட்ட இருக்கிறவகிட்டக் கொடுத்தா, அவளுக்கு எல்லாருடைய விஷயமும் தெரிஞ்சிடுமே?" என்றாள். நான் அடுத்த பத்து நிமிடத்தில் சொல்ல வைத்திருந்ததை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அதற்கு வருகிறேன். அதற்கு முன் பூட்டு எவ்வளவு வலிமையானது என்று பார்த்துவிடுவோம். கணிதம் பிடிக்காதவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டிவிடலாம். ஆனால் தாண்டாதீர்கள்.

எல்லோர் முன்னாலும் ஒரு இரகசியம்

பூட்ட வேண்டுமானால் சாவி வேண்டும். உங்கள் கைப்பேசியும் எங்கோ இருக்கும் சேவையகமும் இதற்கு முன் சந்தித்ததே இல்லை. இடையில் எல்லோரும் ஒட்டுக்கேட்கலாம். அப்படியிருக்க இருவருக்கும் மட்டும் தெரிந்த ஓர் எண்ணை எப்படி முடிவு செய்வது? 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு விடை வெளியிட்டார்கள். கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரியும்படி இரண்டு எண்களை அறிவிப்போம்: 3, 17. நீங்கள் மனதுக்குள் ஓர் எண்ணை நினைக்கிறீர்கள், 6 என்று வைத்துக்கொள்வோம். யாரிடமும் சொல்லாதீர்கள். 3-இன் 6-ஆம் அடுக்கு 729. அதை 17-ஆல் வகுத்தால் மீதி 15. இந்த 15-ஐ உரக்கச் சொல்லுங்கள்.

நான் மனதுக்குள் 7 என்று நினைக்கிறேன். 3-இன் 7-ஆம் அடுக்கு 2187. 17-ஆல் வகுத்தால் மீதி 11. நான் 11 என்று உரக்கச் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் என்னுடைய 11-ஐ எடுத்து, உங்கள் இரகசிய எண்ணான 6-ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள்: 1,771,561. 17-ஆல் வகுத்தால் மீதி 8. நான் உங்கள் 15-ஐ என் இரகசிய எண்ணான 7-ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறேன்: 170,859,375. 17-ஆல் வகுத்தால் மீதி அதே 8.

வகுப்பில் எல்லோர் காதிலும் விழுந்தவை 3, 17, 15, 11 ஆகிய நான்கு எண்கள். 8 என்ற எண்ணை நாம் இருவரும் வாய் திறந்து சொல்லவே இல்லை. ஆனாலும் நம்மிடம் மட்டும் அது இருக்கிறது. அதுதான் சாவி. ஏன் இரண்டும் ஒன்றாக வந்தன என்று யோசித்துப் பாருங்கள். அடுக்குகளின் விதிதான் விடை: 3-ஐ முதலில் 6, பிறகு 7 என்று உயர்த்தினாலும், முதலில் 7, பிறகு 6 என்று உயர்த்தினாலும் கிடைப்பது 42-ஆம் அடுக்கே.

17 சிறிய எண் என்பதால் ஒட்டுக்கேட்பவர் ஒவ்வோர் அடுக்காகப் போட்டுப் பார்த்து என் 7-ஐக் கண்டுபிடித்துவிடுவார். இந்த முறையை நிஜத்தில் பயன்படுத்தும்போது 17-க்குப் பதில் 2048 பிட் நீளமுள்ள எண்ணைப் போடுவார்கள். அதாவது 617 இலக்கங்கள். இன்றைய கணினிகள் எல்லாம் சேர்ந்து முயன்றாலும் அதை எண்ணிப் பார்த்து முடிக்க முடியாது. இப்போது பல இடங்களில் இதே எண்ணத்தைக் கொண்டு, ஆனால் வளைகோடுகளை வைத்து, இன்னும் குறுகிய எண்களால் அதே வலிமையைப் பெறுகிறார்கள்.

எச்டிடிபிஎஸ், நல்ல விபிஎன் இரண்டிலும் இருப்பது இந்த வகைப் பூட்டுத்தான். ஆகவே 'இராணுவத் தர மறையாக்கம்' என்று விபிஎன் விளம்பரம் பெருமையடித்துக்கொள்ளும்போது நீங்கள் அசர வேண்டியதில்லை. உங்கள் கைப்பேசி இலவசமாகவே அதைச் செய்துகொண்டிருக்கிறது.

ஜன்னலோரம் இருப்பவர் யார்?

முன்வரிசை மாணவியின் கேள்விக்கு வருவோம். விபிஎன் போட்டதும், உங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்கு முன்பு தெரிந்தது எல்லாம் இப்போது விபிஎன் நிறுவனத்துக்குத் தெரிகிறது. நீங்கள் போகும் தளங்களின் பெயர்கள், நேரம், உங்கள் உண்மையான ஐபி முகவரி. எச்டிடிபிஎஸ் உறைக்குள் இருப்பது மட்டும் அதற்கும் தெரியாது. எனவே இரகசியம் அழிந்துபோகவில்லை, கைமாறியிருக்கிறது. உங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்கு இங்கே அலுவலகம் உண்டு, உரிமம் உண்டு, புகார் செய்ய வழி உண்டு. இலவச விபிஎன் செயலியை நடத்துபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஒனாவோ என்ற கதையைக் கேளுங்கள். இஸ்ரேலைச் சேர்ந்த அந்நிறுவனத்தை 2013-இல் ஃபேஸ்புக் வாங்கியது. 'ஒனாவோ புரொடெக்ட்' என்ற இலவச விபிஎன் செயலியை வெளியிட்டது. உங்கள் தரவைப் பாதுகாக்கும் என்று அது மக்களிடம் சொன்னது. உண்மையில், அதைப் போட்டவர்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. எந்தப் போட்டி நிறுவனம் வேகமாக வளர்கிறது என்பதை அது இப்படித்தான் கவனித்தது. வாட்ஸ்அப்பின் வளர்ச்சியை ஒனாவோ தரவு கொண்டு அளந்த உள் ஆவணங்களைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையிலிருந்து ஒனாவோ அகற்றப்பட்டது. அடுத்த ஜனவரியில் இன்னொரு செய்தி வந்தது. இதே போன்ற ஒரு செயலியைப் போட்டுக்கொள்ள 13 வயது முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு ஃபேஸ்புக் மாதம் 20 அமெரிக்க டாலர் வரை கொடுத்துவந்தது. 13 வயது என்றால் உங்களில் படிவம் 1 மாணவர்கள்.

ஆஸ்திரேலியாவில் 270,000 தடவைக்கு மேல் ஒனாவோ பதிவிறக்கம் செய்யப்பட்டிருந்தது. அந்நாட்டின் பயனீட்டாளர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2023 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெத்தாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 20 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. எதற்காக அபராதம் என்பதைக் கவனியுங்கள்: பாதுகாப்பு என்று சொல்லி, தகவல் வேறு நோக்கத்துக்கும் பயன்படுகிறது என்பதைச் சரியாகத் தெரிவிக்காமல் மக்களைத் தவறாக எண்ண வைத்ததற்காக.

காசு கொடுத்து வாங்கும் விபிஎன் என்றால் கவலை இல்லையா? 'நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை' என்பது இத்துறையின் தாரக மந்திரம். 2017-இல் அமெரிக்காவில் ஒருவர் ஓர் இளம்பெண்ணை இணையத்தில் தொடர்ந்து துன்புறுத்திய வழக்கில், அப்படிச் சொல்லிவந்த பியூர்விபிஎன் நிறுவனத்திடம் இருந்த இணைப்புப் பதிவுகள் புலனாய்வாளர்களுக்கு உதவின. குற்றவாளி பிடிபட்டது நல்லதே, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பதிவு இல்லை என்ற வாக்கை எவ்வளவு நம்பலாம் என்பதும் அதில் தெரிந்தது. நேர்மாறான உதாரணமும் உண்டு. 2023 ஏப்ரலில் சுவீடன் போலீசார் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் கோத்தன்பர்க் அலுவலகத்துக்குச் சோதனை ஆணையோடு வந்தார்கள். அவர்கள் தேடிய வாடிக்கையாளர் தகவல் அங்கே சேமிக்கப்படவே இல்லை என்று நிறுவனம் விளக்கியது. வெறுங்கையோடு திரும்பினார்கள். இரண்டு நிறுவனங்களும் இணையத்தளத்தில் எழுதியிருந்த வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். சோதனை வரும்வரை வெளியில் இருப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

இலவசச் செயலிகளின் நிலை இன்னும் மோசம். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2016-இல் 283 ஆண்டிராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 விழுக்காட்டுச் செயலிகளில் தீங்கு செய்யும் நிரல்களின் அடையாளம் இருந்தது. 75 விழுக்காடு, பயனரைப் பின்தொடரும் வெளியார் நிரல்களைச் சுமந்திருந்தன. 18 விழுக்காடு மறையாக்கமே செய்யவில்லை! அதாவது பெரிய உறை என்று சொல்லிவிட்டு உறையே போடாமல் அனுப்பியிருக்கின்றன. பத்தாண்டு பழைய ஆய்வுதான். அன்றிருந்த செயலிகள் பல இன்று இல்லை. ஆனால் சேவையகத்துக்கும் மின்சாரத்துக்கும் செலவு இருக்கும்போது இலவசமாகக் கொடுப்பவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இன்னும் பழையதாகவில்லை. 2015-இல் ஹோலா என்ற இலவசச் சேவை, தன் பயனர்களின் இணைய இணைப்பையே வேறு வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்தது வெளிப்பட்டது. யாரோ செய்யும் காரியம் உங்கள் வீட்டு ஐபி முகவரியிலிருந்து செய்ததாகத் தோன்றும்.

விபிஎன் தொடாத இடங்கள்

சரி, நேர்மையான விபிஎன் ஒன்றே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைப் போட்டுக்கொண்டு உங்கள் கூகல் கணக்கில் நுழைகிறீர்கள். இப்போது கூகலுக்கு நீங்கள் யாரென்று தெரியாதா? முகமூடி போட்டுக்கொண்டு போய், வாசலில் அடையாள அட்டையை நீட்டியது போலத்தான். தளங்கள் உங்கள் உலாவியில் போட்டுவைக்கும் குக்கிகளும் ஐபி மாறியதால் அழிந்துபோவதில்லை. நேற்று கிள்ளானிலிருந்து வந்தவரும் இன்று டோக்கியோவிலிருந்து வருபவரும் ஒருவரே என்று அவை சொல்லிவிடும். கைப்பேசியில் ஒரு செயலிக்கு ஜிபிஎஸ் அனுமதி கொடுத்திருந்தால், விபிஎன் டோக்கியோ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது நீங்கள் நிற்கும் தெருவைத் தெரிந்துகொள்ளும்.

குக்கியை அழித்தாலும் உலாவியின் கைரேகை இருக்கிறது. திரையின் அளவு, நிறுவியுள்ள எழுத்துருக்கள், நேர வலயம், உலாவியின் பதிப்பு என்று பல சிறு விவரங்களை உங்கள் உலாவி கேட்பவருக்கெல்லாம் சொல்கிறது. தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால்? எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2010-இல் சுமார் 470,000 உலாவிகளைச் சோதித்தது. அவற்றில் 83.6 விழுக்காடு வேறு எதனோடும் ஒத்துப்போகாமல் தனித்துத் தெரிந்தன. நம் உலாவியில் தமிழ் எழுத்துருவும் மலாய் மொழித் தேர்வும் சேர்ந்திருந்தால் கூட்டத்தில் இன்னும் எளிதாகத் தெரிவோம் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு, நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டவை. 2017 அக்டோபரில் நம் நாட்டின் 46.2 மில்லியன் கைப்பேசி எண்கள் அவற்றின் உரிமையாளர் விவரங்களோடு வெளியில் கசிந்தது தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையே அப்போது 32 மில்லியன் அளவுதான். பலருக்கு இரண்டு எண்கள் இருந்ததால் கணக்கு அப்படி. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அதிலிருந்த ஒருவர் நாள் முழுதும் விபிஎன் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. தகவல் கசிந்தது வழியில் அன்று, சேர்த்து வைத்த இடத்தில்.

என் மாணவனுக்கு நடந்தது இதைவிட நேரடியானது. அவனுடைய கடிதம் இரண்டு உறைக்குள் பத்திரமாக, யாரும் ஒட்டுக்கேட்காமல், போய்ச் சேர வேண்டிய முகவரிக்கே போய்ச் சேர்ந்தது. அந்த முகவரியில் இருந்தவர் திருடர். அட்டை எண்ணையும் ஆறு இலக்கக் குறியீட்டையும் அவர் பறிக்கவில்லை, இவனே எழுதிக் கொடுத்தான். "ஆனா, பூட்டுப் படம் இருந்துச்சு டீச்சர்" என்றான். இருந்திருக்கும். 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, இணையத்தளம் வைத்திருக்கும் யாருக்கும் மறையாக்கச் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. இணையத்துக்கே அது பெரிய நன்மை. திருடர்களும் இணையத்தளம் வைத்திருப்பவர்கள்தாமே. பூட்டுப் படத்தைப் பார்த்து மக்கள் தளத்தையே நம்பிவிடுகிறார்கள் என்பதால் குரோம் உலாவி 2023-இல் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

அப்படியானால் விபிஎன் எதற்குத்தான் நல்லது என்று கேட்பீர்கள். யார் நடத்துகிறார் என்றே தெரியாத தங்கும் விடுதி வைஃபையில், நீங்கள் போகும் தளங்களின் பெயர்கள் அவருக்குத் தெரிய வேண்டாம் என்றால் நல்லது. எழுதும் செய்திக்காக ஆபத்தைச் சந்திக்கும் பத்திரிகையாளர்களுக்கு அது பல கவசங்களில் ஒன்று. இணைய விளையாட்டில் எதிராளி உங்கள் ஐபியைக் குறிவைத்துத் தாக்குகிறார் என்றால் உதவும். அலுவலக வேலைக்கு இன்றியமையாதது. உங்களில் பெரும்பாலோருக்கு, என் கருத்தில், மாதச் சந்தா கட்டும் அளவுக்கு அவசியமில்லை. கிடைத்த இலவசச் செயலியைப் போடுவதைவிட எதுவும் போடாமல் இருப்பது மேல். அந்தப் பத்து நிமிடத்தில் செயலிகளுக்குக் கொடுத்துள்ள இட அனுமதிகளைப் பாருங்கள், முக்கியக் கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், கைப்பேசி கேட்கும் மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். வங்கியிலிருந்து வரும் குறியீட்டுக் குறுஞ்செய்தியில் தொகை எழுதியிருக்கும். அதைப் படியுங்கள். அவனுக்கு வந்த செய்தியிலும் 780 ரிங்கிட் என்று தெளிவாக இருந்தது. எண்ணை மட்டும் பார்த்திருக்கிறான்.

நீங்களே செய்து பார்க்க ஒரு பயிற்சி. விபிஎன் இல்லாமல், 'என் ஐபி முகவரி என்ன' என்று தேடிக் கிடைப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு வைஃபையிலும் கைப்பேசித் தரவிலும் தனித்தனியே செய்யுங்கள். அது காட்டும் ஊர் சரியா? பிறகு ஒரு தாளில் நான்கு பத்திகள் வரையுங்கள்: வைஃபை வைத்திருப்பவர், இணையச் சேவை நிறுவனம், விபிஎன் நிறுவனம், போய்ச் சேரும் தளம். நீங்கள் யார், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள், அங்கே என்ன எழுதுகிறீர்கள் என்ற மூன்றில் எது எது யாருக்குத் தெரியும் என்று விபிஎன் இல்லாமல் ஒரு முறை, விபிஎன்னோடு ஒரு முறை நிரப்புங்கள். கடைசிப் பத்தியை நிரப்பும்போது, தளத்தில் கணக்கைத் திறந்து உள்ளே நுழைந்திருந்தால் விடை மாறுகிறதா என்று பாருங்கள்.

அந்த மாணவனை அன்றே வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வைத்தேன். திட்டு விழும் என்று அஞ்சி இரண்டு நாள் தாமதித்திருந்தான். அந்த இரண்டு நாளில் இன்னொரு முறை பணம் எடுக்க முயற்சி நடந்திருந்தது, நல்லவேளை கணக்கில் போதிய பணம் இல்லை. அம்மா உடனே வங்கியை அழைத்து அட்டையை முடக்கினார். பிறகு 997 என்ற தேசிய மோசடி உதவி மையத்தின் எண்ணுக்கும் அழைத்தார், போலீசிலும் புகார் செய்தார். 780 ரிங்கிட் திரும்பி வருமா என்று இன்னும் தெரியவில்லை. மறுவாரம் உறைப் பயிற்சியைப் படிவம் 2 மாணவர்களுக்குச் செய்துகாட்ட ஆள் கேட்டேன். அவன் கையைத் தூக்கினான். ஜன்னலோரம் தானே உட்கார்ந்துகொண்டான்.